ருஷியாவின் இறுதி மன்னர் இரண்டாம் நிக்கலஸ்

ருஷிய நாட்டு ஜார் மன்னரின் வீழ்ச்சியைப் பாரதியார் கவிதையாகப் பாடியிருத்தலைத் தமிழ் பயிலும் மாணவர் யாவரும் அறிவர். அக்கவிதையின் வாயிலாகவே நம்மிற் பலர் ஜார் என்னும் பெயரை முதன்முதற் கேட்டோம். ஆங்கு நாம் காணும் ஜார் கொடுமையே உருவெடுத்து வந்த ஒருவன். ஆயின், வரலாற்று நூல்களைப் புரட்டிப் பார்க்குங்கால் நம் முன் தோன்றுபவர் வேறொருவராயிருக்கின்றார். அவர் மென்மையாகப் பேசுபவர். மனைவி மக்களிடத்து மாறாத அன்புடையவர். நாள்தோறும் கடவுளைத் தொழத் தவறாதவர். இவ்விருவரும் ஒருவரே என்பதை எங்ஙனம் ஏற்பது? நல்ல மனிதர் ஒருவர் தம் நாட்டிற்குக் கேடு விளைக்கும் அரசராக இருத்தல் கூடுமோ? இவ்வினாவை உள்ளத்திற் கொண்டு அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அக்காலத்து ருஷியப் பஞ்சாங்கம் ஏனை ஐரோப்பிய நாடுகளின் பஞ்சாங்கத்திற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் பிந்தியதாகலின், நாட்களையெல்லாம் இக்கால வழக்கின்படியே தந்துள்ளோம்.

பிறப்பும் இளமையும்

நிக்கலஸ் 1868ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்கை அடுத்த ஜார்ஸ்கோய் செலோ அரண்மனையிற் பிறந்தார். அந்நாள் ருஷியத் திருச்சபையின் முறைப்படி பரிசுத்த யோபுவின் நினைவு நாளாகும். பிற்காலத்தில் துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சூழ்ந்தபோது, தாம் யோபுவின் நாளிற் பிறந்தவர் என்பதை அவர் அடிக்கடி நினைந்து கொள்வாராம். துன்பமெல்லாம் கடவுள் தமக்கு அளந்து வைத்தது என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணம் அவருக்கு ஆறுதலளித்தது மெய்யே. ஆயினும் துன்பத்தின் காரணத்தைத் தேடித் தீர்க்கும் முயற்சியை அதுவே மழுங்கச் செய்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

அவருடைய பாட்டனார் இரண்டாம் அலெக்சாந்தர் 1861ஆம் ஆண்டிலே பண்ணையடிமைகளாயிருந்த கோடிக்கணக்கான குடியானவரை விடுதலை செய்த பெருமையுடையவர். அத்தகைய மன்னரே 1881ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13ஆம் நாள் தலைநகர வீதியிற் புரட்சிக்காரர் எறிந்த வெடிகுண்டினாற் கால்கள் சிதைந்து உயிர் துறந்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவராகிய நிக்கலஸ் அம்மரணப் படுக்கையின் அருகே நின்று அக்கொடுங் காட்சியைக் கண்டார். சீர்திருத்தம் செய்த பாட்டனார் கொல்லப்பட்டார். அவர்க்குப் பின் வந்த தந்தையார் மூன்றாம் அலெக்சாந்தர் சீர்திருத்தங்களைச் சுருக்கிக் கடுமையாக ஆண்டு, நோயினாலே இறந்தார். இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்கிய இளைஞர் எத்தகைய பாடத்தைக் கற்றிருப்பார் என்பது சொல்லாமலே விளங்கும். அவருக்கு ஆசிரியராயமைந்த போபெதொனோஸ்த்சேவ் என்பாரும் அப்பாடத்தையே வலியுறுத்தினார். முடியாட்சியின் வரம்பற்ற அதிகாரம் கடவுளால் அருளப்பட்டது. பிரதிநிதி சபைகள் யாவும் மக்களை ஏமாற்றும் பொய்க்கோலங்கள் என்பதே அப்பெரியாரின் கொள்கை.

நிக்கலஸ் ஆங்கிலம், பிரஞ்சு, ஜெர்மன் முதலிய மொழிகளைச் செவ்வையாகக் கற்றார். 1890ஆம் ஆண்டிற் கிழக்கு நாடுகளைக் காணப் புறப்பட்டு, எகிப்து, இந்தியா, இலங்கை முதலிய நாடுகளிற் சுற்றி ஜப்பானை யடைந்தார். அங்கே ஓட்சு என்னும் ஊரில், காவலுக்கு நின்ற போலீஸ்காரன் ஒருவனே 1891 மே 11ஆம் நாள் அவரை வாளால் தலையில் வெட்டினான். உடன் சென்ற கிரேக்க இளவரசர் ஜார்ஜ் தம் கைத்தடியால் இரண்டாம் வெட்டைத் தடுத்தமையால் உயிர் தப்பினார். அம்மாத இறுதியில் விளாதிவஸ்தோக் துறைமுகத்தில் சைபீரியப் பெரும் இருப்புப்பாதையின் தொடக்க விழாவை நடத்தி, நாட்டின் கீழ்க்கோடியினின்று மேற்கோடிவரை தரைவழியே பயணஞ் செய்து தலைநகர் மீண்டார்.

நாடு இவ்வளவு பரந்தது என்பதை அவர் கண்ணாரக் கண்டார். ஆயின் அதனை ஆளும் கலையை அவருக்குக் கற்பித்தவர் எவருமிலர். தந்தையார் உடல் வலிமை மிக்கவர். நெடுங்காலம் வாழ்வார் என்று யாவரும் எண்ணியிருந்தனர். அவரோ 1894 நவம்பர் முதல் நாள் தம் நாற்பத்தொன்பதாம் வயதிற் கிரிமியாவிலுள்ள லிவாதியா அரண்மனையில் இறந்தார். இருபத்தாறு வயது நிரம்பிய நிக்கலஸ், தாம் இப்பதவிக்கு ஆயத்தமாகவில்லை என்று கூறி உறவினர் முன் கண்ணீர் உகுத்தார். தம் குறையைத் தாமே உணர்ந்தவர், அதனை நிரப்ப வல்ல பெரியோரைத் துணைக்கொள்வாரோ என்பதே அன்று நாட்டினரின் எதிர்பார்ப்பாயிருந்தது.

அரியணையும் முதல் இரத்தமும்

தந்தையாரை அடக்கஞ் செய்த ஒரு வாரத்திற்குள், நவம்பர் 26ஆம் நாள், ஹெஸ்ஸி நாட்டு இளவரசி ஆலிக்ஸ் என்பாரை நிக்கலஸ் மணந்தார். விக்டோரியா மகாராணியாரின் பேத்தியாகிய இவ்வம்மையார் ருஷியத் திருச்சபையைத் தழுவி அலெக்சாந்திரா என்னும் பெயர் பெற்றார். இருவரும் இறுதிவரை ஈருடல் ஓருயிராகவே வாழ்ந்தனர்.

1895ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஜெம்ஸ்துவோ எனப்பட்ட ஜில்லா சபைகளின் பிரதிநிதிகள் புதிய மன்னரை வாழ்த்த வந்தனர். அவருட் சிலர், மக்களின் குறைகளை அரசர் செவிக்கு நேரே கொணரும் உரிமையை மிகப் பணிவாக வேண்டியிருந்தனர். மன்னரோ அவ்விருப்பங்களைப் பொருளற்ற கனவுகள் என்று ஒதுக்கி, தந்தையார் காத்த வரம்பற்ற அதிகாரத்தைத் தாமும் அணுவளவும் குறையாமற் காப்பதாக அறிவித்தார்.

இவ்விடத்து வேதாகமத்திற் காணும் ரெகொபெயாமின் வரலாறு நம் நினைவிற்கு வருகின்றது. சாலொமோனின் குமாரனாகிய அவ்வரசன், நுகத்தை இலகுவாக்கும்படி வேண்டி வந்த ஜனங்களுக்கு முதியோரின் ஆலோசனையைத் தள்ளிக் கடுமொழி கூறினான்; பத்துக் கோத்திரங்களை இழந்தான். நிக்கலஸ் வேதத்தை நன்கு வாசித்தவர். வாசித்த பகுதி தம்மைக் குறித்தது என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

1896 மே 26ஆம் நாள் மாஸ்கோவில் முடிசூட்டு விழா நடந்தது. நான்கு நாள் கழித்துக் கொதின்கா என்னும் வெளியில் மக்களுக்கு விருந்தும் பரிசும் வழங்க ஏற்பாடாயிருந்தது. ஒரு குவளை, சிறிது ரொட்டி, இறைச்சி, மிட்டாய் ஆகிய இவற்றைப் பெறுதற்கு இலட்சக்கணக்கான ஏழையர் முன்னிரவே வந்து குழுமினர். இராணுவப் பயிற்சிக்காக வெட்டிய பள்ளங்கள் நிறைந்த அவ்வெளியில், பரிசுகள் போதமாட்டா என்ற வதந்தி பரவவே கூட்டம் நெருக்கியது. அரசாங்கக் கணக்கின்படியே 1,389 பேர் மிதியுண்டு மாண்டனர். அன்றிரவு பிரஞ்சுத் தூதரின் மாளிகையில் நடன விருந்து நடக்கவிருந்தது. மன்னருக்கு அங்குச் செல்ல மனமில்லை. ஆயினும் சிறிய தந்தையரின் சொல்லுக்கிணங்கிச் சென்றார். மறுநாள் மருத்துவமனைகளிற் புண்பட்டோரைக் கண்டு வருந்தினார். இறந்தோர் குடும்பங்களுக்குப் பொருளுதவியும் செய்தார். மக்களோ உதவியை மறந்தனர்; நடனத்தை மறக்கவில்லை.

அவரது மனவியல்பு முழுவதும் இவ்வொரு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது. உள்ளம் நல்லது, அதனைச் செயலாக்கும் உறுதி இல்லை. யாரேனும் அழுத்திக் கூறினால் இணங்குவார். பின்னர் மனம் வருந்துவார். மந்திரியரிடம் முகங்கொடுத்து இனிமையாகப் பேசி அனுப்புவார். அவர் வீடு சேர்ந்தபின் பதவி நீக்க ஓலை வந்து சேரும். இத்தகையவர் ஒன்றில் மட்டும் மலைபோல் அசையாது நின்றார். அதுவே தம் அதிகாரத்தைப் பிறரொடு பங்கிட்டுக் கொள்ள மறுத்தல். தந்தை தமக்கு விட்டதைத் தாம் மகனுக்குக் குறையாமல் விட்டுச் செல்வது கடவுள்முன் தாம் ஏற்ற சபதம் என்று அவர் நம்பினார்.

1905ஆம் ஆண்டு

நிக்கலஸின் ஆட்சியில் நன்மையொன்றும் விளையவில்லை என்று கூறுதல் நீதியாகாது. நிதி மந்திரி வித்தே என்பாரின் திறமையால் 1897ஆம் ஆண்டில் நாணயம் பொன்மதிப்பில் நிலைபெற்றது. இருப்புப்பாதைகள் நீண்டன, இரும்பு, நிலக்கரி, நெசவுத் தொழில்கள் வளர்ந்தன. 1899இல் ஹேக் நகரிற் கூடிய உலக சமாதான மகாநாடும் இம்மன்னர் விடுத்த அழைப்பினால் எழுந்ததேயாகும். ஆயின் தொழில் வளர்ந்த நகரங்களிலே தொழிலாளர் நெருக்கமான கொட்டகைகளில் வாழ்ந்து, சங்கம் கூடவும் உரிமையின்றி வாடினர். சிற்றூர்களிலே குடியானவர் நிலப்பசியால் வருந்தினர். யூதர்கள் குறித்த எல்லைக்குள்ளேயே குடியிருக்கும்படி கட்டுப்படுத்தப்பட்டனர். 1903இல் கிஷினேவ் நகரில் அவர்கள் கொடுமையாகத் தாக்கப்பட்டனர். அவர்களைப் பகைப்பதையே தொழிலாகக் கொண்ட சங்கத்தின் சின்னத்தை மன்னர் பின்னர்த் தமக்கும் தம் மகனுக்குமாக ஏற்றுக் கொண்டது, கிறிஸ்துவின் பெயரைத் தரித்த எவரும் நாணத்தக்க செயலாகும்.

1904 பிப்ரவரியில் ஜப்பானியருடன் போர் மூண்டது. சிறிய நாடென்று எண்ணி இகழ்ந்த பகைவரிடம் ருஷியா அடிமேலடி பட்டது. 1905 ஜனவரித் தொடக்கத்தில் ஆர்தர் துறைமுகம் வீழ்ந்தது. அம்மாதம் 22ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பாதிரியார் கபோன் தலைமையிலே தொழிலாளர் தம் பெண்டு பிள்ளைகளுடன், திருவுருவங்களையும் மன்னரின் படத்தையும் ஏந்தி, மாரிக்கால அரண்மனையை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். எட்டு மணி நேர வேலை, நியாயமான கூலி, மக்கள் பிரதிநிதி சபை ஆகியவற்றை வேண்டும் விண்ணப்பம் அவர்கள் கையிலிருந்தது. தந்தையிடம் முறையிடச் செல்லும் பிள்ளைகளின் மனநிலையே அவர்களுடையது. சேனை அவர்களைச் சுட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மன்னர் அன்று நகரிலேயே இல்லை. சுடுமாறு ஆணையிட்டவரும் அவரல்லர். ஆயினும், எல்லா அதிகாரமும் தமதே என்று கூறுபவர், எல்லாப் பழியும் தமதே என்பதையும் ஏற்றல் வேண்டுமன்றோ? அன்று பனியின்மேற் சிந்திய இரத்தத்தோடு, ஜார் ஏழைகளின் தந்தை என்று நூற்றாண்டுகளாக நிலவிய நம்பிக்கையும் சிந்திப் போயிற்று.

மே மாத இறுதியில் ஷூஷிமா நீரிணையில் ருஷியக் கப்பற்படை ஏறக்குறைய முழுதும் அழிந்தது. பொத்தெம்கின் போர்க்கப்பலில் மாலுமிகள் கலகம் செய்தனர். அக்டோபரில் நாடெங்கும் வேலைநிறுத்தம் பரவி இரயில் வண்டிகளும் நின்றன. வேறு வழி காணாத மன்னர் அக்டோபர் 30ஆம் நாள் குடியுரிமைகளையும் தூமா என்னும் பிரதிநிதி சபையையும் வாக்களிக்கும் அறிக்கையிற் கையொப்பமிட்டார். நாடு அமைதி பெறத் தொடங்கியதும், தந்ததைத் திரும்பப் பெறும் வேலை ஆரம்பமாயிற்று. 1906இல் வெளிவந்த அடிப்படைச் சட்டத்தில் வரம்பற்ற என்னும் சொல் நீக்கப்பட்டதாயினும் தன்னாட்சி மன்னர் என்னும் பட்டம் அப்படியே நின்றது. முதல் தூமா எழுபத்திரண்டு நாளிற் கலைக்கப்பட்டது. இரண்டாவது 1907 ஜூனிற் கலைந்தது. அதனுடன் தேர்தல் விதியும் செல்வர்க்குச் சாதகமாக மாற்றப்பட்டது.

அக்காலத்துப் பிரதம மந்திரியாகிய ஸ்தொலீப்பின் இரும்புக்கை உடையவர். கலகக்காரரை இராணுவ மன்றங்கள் வாயிலாகத் தூக்கிலிட்டவரும் அவரே. குடியானவன் தன் நிலத்தைத் தனியுடைமையாகப் பெற்று நிலைபெற வேண்டும் என்று சட்டமியற்றியவரும் அவரே. தம் பணி முற்ற இருபதாண்டு அமைதி வேண்டும் என்பது அவர் கணக்கு. 1911 செப்டம்பரிற் கீவ் நகர நாடகசாலையில், மன்னரின் கண்ணெதிரேயே சுடப்பட்டுச் சில நாளில் உயிர் நீத்தார். அவருக்குப் பின் அத்திறமையுடைய மந்திரி எவரும் மன்னருக்கு வாய்க்கவில்லை. வாய்த்திருப்பினும் நெடுநாள் வைத்திருந்திருப்பாரோ என்பது ஐயமே.

அரண்மனைக்குள் ஒரு துயரம்

ஓல்கா, தாத்தியானா, மரியா, அனஸ்தாசியா என்னும் நான்கு பெண்மக்களுக்குப் பின், 1904 ஆகஸ்டு 12ஆம் நாள் அலெக்சி என்னும் ஆண்மகவு பிறந்தது. பல்லாண்டு தவமிருந்து பெற்ற அக்குழந்தைக்குச் சில வாரங்களிலேயே தீராத நோயொன்று இருத்தல் வெளிப்பட்டது. குருதி உறையாத அந்நோயில், சிறு காயமும் உயிரைக் குடிக்கும். கால் தடுக்கி விழினும் உள்ளே குருதி பெருகி வேதனை தரும். அந்நோய் தாய்வழியே மக்களுக்கு வருவது. அதனையறிந்த அலெக்சாந்திரா அம்மையாரின் உள்ளம் எரிந்தது. இச்செய்தியை மன்னர் குடும்பம் நாட்டினர்க்கு மறைத்தது. மறைத்தமையால், அம்மையார் மக்கள் முன் வராது ஒதுங்கி நின்றதன் காரணம் எவருக்கும் விளங்கவில்லை. அவர் செருக்குடையவர் என்றே ஊர் பேசிற்று.

இந்நிலையிற் சைபீரியக் குடியானவராகிய ரஸ்புத்தின் என்பவர் 1905ஆம் ஆண்டின் இறுதியில் அரச குடும்பத்தாருக்கு அறிமுகமானார். அவர் செபித்தபோது பிள்ளையின் நோய் தணிந்தது என்று தாயார் நம்பினார். 1912இல் மருத்துவர் கைவிட்ட நிலையிற் கிடந்த அலெக்சி, ரஸ்புத்தினின் தந்தி வந்தபின் தேறியது அந்நம்பிக்கையை அசைக்கவொண்ணாததாக்கிற்று. சாகுந் தறுவாயிலுள்ள பிள்ளையின் கட்டிலருகே நிற்கும் தாயைக் குறை கூற நமக்கு நாவெழவில்லை. ஆயின் அவ்வொழுக்கமற்ற மனிதரைப் பற்றி மந்திரிகளும் திருச்சபைப் பெரியோரும் உறவினரும் எச்சரித்த போதெல்லாம், எச்சரித்தவரே பகைவராக எண்ணப்பட்டனர். இடித்துரைப்பார் இல்லாத அரசன் கெடுப்பார் இன்றியும் கெடுவான் என்பது தமிழ் மாணவர்க்குப் புதிய செய்தியன்று. இம்மன்னர்க்கோ இடித்துரைப்பார் பலரிருந்தனர்; அவர்களை ஒருவர்பின் ஒருவராக அவரே விலக்கினார்.

மகாயுத்தம்

1913ஆம் ஆண்டில் ரொமானவ் மரபு அரியணையேறிய முந்நூறாம் ஆண்டு விழா ஆரவாரமாகக் கொண்டாடப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், முன்னாள் மந்திரியாகிய துர்னோவோ என்பார் மன்னருக்கு ஓர் எச்சரிக்கை எழுதியனுப்பினார். ஜெர்மனியுடன் போர் மூளுமாயின் அதன் சுமையை ருஷியா தாங்காது. தோல்வியும், அதன்பின் எவரும் அடக்கவியலாத புரட்சியும் வரும் என்பதே அதன் சாரம். அதனால் பயன் விளையவில்லை. ஜூலை இறுதியில் மன்னர் முழுப்படைத் திரட்டுக்கு ஆணையிட்டார். ஜெர்மன் மன்னர் வில்லியத்தின் தந்தியைக் கண்டு நிறுத்தினார். மந்திரி சசோனவின் வற்புறுத்தலால் மறுநாள் மீண்டும் ஆணையிட்டார். ஆகஸ்டு முதல் நாள் ஜெர்மனி போர் அறிவித்தது. மாரிக்கால அரண்மனையின் முன் மக்கள் முழந்தாளிட்டு மன்னரை வாழ்த்தினர். தலைநகரின் ஜெர்மானியப் பெயர் நீங்கிப் பெத்ரோகிராத் ஆயிற்று.

அவ்வொற்றுமை நெடுநாள் நிற்கவில்லை. ஆகஸ்டு முடிவிலேயே தன்னன்பர்க்கில் ஒரு சேனை முழுதும் சூழப்பட்டு, ஏறத்தாழ 90,000 பேர் சிறைப்பட்டனர். தளகர்த்தர் சம்சோனவ் தம்மைத் தாமே சுட்டுக் கொண்டார். 1915இற் பீரங்கிக் குண்டுகள் தட்டாயின. துப்பாக்கியின்றிப் போர்முனைக்கு வந்த வீரர், முன் நின்றவன் வீழ்ந்தபின் அவன் துப்பாக்கியை எடுத்துக் கொள்ளக் காத்திருந்தனர். போலந்து நாடு முழுதும் பகைவர் கைப்பட்டது. அப்போது தூமாவிலிருந்த பல கட்சியினரும் ஒன்றுகூடி, மக்களின் நம்பிக்கைக்குரிய மந்திரி சபையை அமைக்குமாறு வேண்டினர். அவர்கள் கேட்டது அரியணையன்று. அதன் பாரத்திற் பங்கு. மன்னர் சபையை ஒத்திவைத்தார். மேலும் செப்டம்பர் 5ஆம் நாள், மந்திரிகளுட் பெரும்பாலார் தடுத்தும் கேளாது, சேனாதிபதியாகிய தம் உறவினரை விலக்கித் தாமே தலைமைச் சேனாதிபதியானார். நாட்டின் துன்பத்தில் வீரருடன் நிற்றல் மன்னன் கடமை என்பது அவர் கருத்து. கருத்து உயர்ந்ததே. ஆயின் அன்று முதல் ஒவ்வொரு தோல்வியும் மன்னரின் தோல்வியாயிற்று. அவர் மொகிலேவ் பாசறையில் தங்க, தலைநகர் அலெக்சாந்திரா அம்மையாரின் கையிலும், அம்மையாரின் வாயிலாக ரஸ்புத்தினின் கையிலும் விடப்பட்டது. 1916 ஜனவரி முதற் பதினான்கு மாதத்திற்குள் கொரெமிக்கின், ஸ்தூர்மெர், திரேபவ், கலீத்சின் என நால்வர் பிரதம மந்திரிகளாக இருந்தனர். மந்திரி தன் அலுவலகத்தின் வழி அறியுமுன்னரே வேறொருவர் வந்து அமர்ந்தார்.

பசி வந்த வகையையும் நாம் அறிதல் வேண்டும். நாட்டிற் தானியம் இல்லாமற் போகவில்லை. துருக்கியர் கடல்வழியை அடைத்தமையால் ஏற்றுமதியும் நின்றிருந்தது. ஆயின் போர் தொடங்கியவுடன் மதுவிற்பனையைத் தடுத்ததனால் அரசாங்கம் தன் வருவாயிற் பெரும்பகுதியை இழந்தது. அவ்விழப்பையும் போர்ச்செலவையும் ஈடு செய்யக் காகித நோட்டுகளை அச்சிட்டது. விலைகள் பன்மடங்கு ஏறின. தொழிற்சாலைகள் படைக்கலமே செய்தமையால், குடியானவன் வாங்கக் கலப்பையும் துணியும் கிடைக்கவில்லை. வாங்கப் பொருளில்லாதபோது அவன் காகிதத்திற்குத் தானியத்தை விற்பானேன்? விற்றதும், படைகளுக்கே வண்டிகள் போதாத இருப்புப்பாதையில் தேங்கிற்று. ஆகவே தானியம் தெற்கிலும், பசி வடக்கிலுள்ள தலைநகரிலுமாகப் பிரிந்து நின்றன. பெண்கள் உறைபனியில் விடியுமுன்னரே ரொட்டிக் கடைகளின் முன் வரிசையாக நின்றனர்.

1916 டிசம்பர் இறுதியில் இளவரசர் யூசுபவ் முதலியோர் ரஸ்புத்தினைக் கொன்றனர். முடியைக் காக்கவென்று முடியின் உறவினரே செய்த கொலை அது. காக்கும் காலம் கடந்து விட்டது.

எட்டு நாட்கள்

1917 மார்ச்சு 7ஆம் நாள் மன்னர் தலைநகர்ப் பக்கத்தினின்று பாசறைக்குப் புறப்பட்டார். மறுநாள் உலகப் பெண்கள் தினம். நெசவாலைப் பெண்கள் ரொட்டி வேண்டுமென்று தெருவில் இறங்கினர். பூட்டப்பட்டிருந்த புத்தீலவ் ஆலையின் தொழிலாளரும் பிறரும் உடன் சேர்ந்தனர். இரண்டு நாளில் நகரமே திரண்டது. கலகத்தை உடனே அடக்குமாறு மன்னரின் தந்தி வந்தது. 11ஆம் நாள் ஞாயிறன்று சேனை சுட்டது, பலர் மாண்டனர். ஆயின் பன்னிரண்டாண்டிற்கு முன்னிருந்த சேனையன்று இது. பழைய வீரர் போர்முனையில் மடிந்திருந்தனர். நகரிலிருந்தோர் சீருடையணிந்த குடியானவரும் தொழிலாளருமே. தம் தாய்மாரையொத்த பெண்களைச் சுட்ட இரவு அவர்களுக்கு உறக்கம் வரவில்லை. 12ஆம் நாட் காலை வொலின்ஸ்கி பட்டாளம் மறுத்தெழுந்தது. மாலைக்குள் பல்லாயிரம் வீரர் மக்களுடன் சேர்ந்தனர். தூமாவின் தலைவர் ரொத்சியாங்கோ தந்திமேல் தந்தி அனுப்பியும் மன்னர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

13ஆம் நாள் விடியுமுன் மன்னரின் வண்டி மொகிலேவினின்று புறப்பட்டது. பாதையைக் கலகக்காரர் கைப்பற்றியிருந்தமையால் வழியிலே திரும்பி, 14ஆம் நாள் மாலை ப்ஸ்கோவ் நிலையத்தை அடைந்தது. உலகத்தின் ஆறிலொரு பங்கு நிலத்தை ஆண்டவர்க்குத் தம் வீட்டிற்குச் செல்ல ஓர் இரயில் பாதை இல்லாமற் போயிற்று. அங்கே, நம்பிக்கை பொறுக்கும் மந்திரி சபையை அமைக்க இணங்கினார். அப்பொழுது அதனைக் கேட்பாரில்லை. தளபதி அலெக்சேயெவ் போர்முனைத் தலைவர்களின் கருத்தை வினவினார். முடிதுறத்தலே நன்று என்று தந்திகள் வந்து குவிந்தன. மார்ச்சு 15ஆம் நாள், முதலில் மகனுக்காகவும், பின்னர் அவன் நோய் தீராதென்று மருத்துவர் கூறக்கேட்டுத் தம்பி மைக்கேலுக்காகவும் முடிதுறந்தார். தூமாவின் தூதராக வந்தோர், அவர் அமைதியாகக் கையொப்பமிட்டதைக் கண்டு வியந்தனர். மைக்கேல் மறுநாள் அம்முடியை ஏற்க மறுத்தார். 1613 முதல் 304 ஆண்டு நின்ற மரபு இங்ஙனம் ஒரு போருமின்றி வீழ்ந்தது. அதனைத் தாங்கிப் பிடிக்க எவரும் முன்வராமையே அவ்வீழ்ச்சியின் பெருஞ் செய்தியாகும்.

சிறையும் முடிவும்

இதன்பின் நாம் காணும் நிக்கலஸ் வேறு மனிதர். ஜார்ஸ்கோய் செலோவிற் காவலில் வைக்கப்பட்டபோது பனியைத் தள்ளினார், விறகு பிளந்தார், காய்கறித் தோட்டமிட்டார், மாலையில் மக்களுக்கு நூல் வாசித்துக் காட்டினார். காவலரின் இழிசொற்களுக்கு மறுசொல் கூறவில்லை. இங்கிலாந்து அவருக்கு அடைக்கலம் அளிப்பதாகக் கூறிப் பின்வாங்கியது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவருக்குத் தாய்வழிச் சகோதரர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. 1917 ஆகஸ்டிற் குடும்பத்தார் சைபீரியாவிலுள்ள தொபோல்ஸ்க் நகருக்கு அனுப்பப்பட்டனர். நவம்பரிற் போல்ஷ்விக்கர் ஆட்சியைக் கைப்பற்றினர். 1918 ஏப்ரலில் மன்னர் எகாத்தரின்பர்க் நகரில் இப்பாத்தியெவ் என்பவரின் வீட்டிற் சிறைவைக்கப்பட்டார். உயரமான மரவேலி வீட்டைச் சூழ்ந்தது.

உள்நாட்டுப் போரில் எதிர்ப்படை நகரை நெருங்கவே, ஜூலை 16ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் அவர்களை எழுப்பி நிலவறைக்கு அழைத்துச் சென்றனர். விசாரணை ஏதுமின்றி, ஊரல் சோவியத்தின் தீர்மானம் வாசிக்கப்பட்டது. மன்னர், மனைவியார், ஐந்து மக்கள், விட்டுப் பிரிய மறுத்த மருத்துவர் போத்கின், ஊழியர் மூவர் ஆகப் பதினொருவரும் அங்கேயே கொல்லப்பட்டனர். அலெக்சிக்கு அப்போது பதின்மூன்று வயது. மன்னர் மட்டுமே இறந்ததாகவும் குடும்பம் பாதுகாப்பாக உள்ளதாகவும் புதிய ஆட்சியாளர் அறிவித்தனர். பொய்யோடு தொடங்கிய அவ்வறிவிப்பு, கொடுங்கோன்மை ஆளை மாற்றிக் கொண்டதேயன்றி அழிந்துவிடவில்லை என்பதற்கு முதற் சான்றாயிற்று. 1991இல் அவர்களின் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டு, எண்பதாண்டு நிறைந்த 1998 ஜூலை 17ஆம் நாள் முன்னோரின் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டன. எஞ்சிய இரு பிள்ளைகளின் எலும்புகள் 2007இற் கிடைத்தன. 2000ஆம் ஆண்டில் ருஷியத் திருச்சபை அக்குடும்பத்தாரைப் பாடுகளைப் பொறுமையோடு ஏற்ற பரிசுத்தவான்களாக அறிவித்தது. அவர் ஆண்ட முறைக்காகவன்றி, இறப்பை ஏற்ற முறைக்காகவே இச்சிறப்பு அளிக்கப்பட்டது.

நாம் கொள்ளத்தக்கது

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இப்போது விடை கூறலாம். கவிஞர் பாடிய கொடியவனும் வரலாறு காட்டும் நல்லவரும் இரு வேறு பொய்களல்லர்; இருவரும் உண்மையே. அரண்மனையின் உள்ளிருந்து கண்டோர்க்கு அவர் அன்பான தந்தை. கொதின்கா வெளியிலும், பனி படிந்த சதுக்கத்திலும், துப்பாக்கியில்லாத பதுங்குகுழியிலும் நின்று கண்டோர்க்கு அவர் பெயரே கொடுமை. தனியொழுக்கம் மனிதனை நல்லவனாக்கும். அதுமட்டும் அவனை நல்லரசனாக்காது. பிறரைக் கலந்து எண்ணும் பணிவும், உண்மை கூறுவாரைப் பொறுக்கும் செவியும், தன் பெயரால் நடப்பதற்குத் தானே பொறுப்பேற்கும் துணிவும் அரசனுக்கு வேண்டும். அவரோ பணிவைக் கடவுளிடம் மட்டும் காட்டினார்; கடவுள் தம் குடிகளின் வாயினாலும் பேசக்கூடும் என்பதை உணர்ந்தாரில்லை.

கிறிஸ்தவ மாணவராகிய நம்மை இவ்வரலாறு மிகுதியுஞ் சுடுகின்றது. தம் விருப்பத்தைக் கடவுளின் சித்தமென்று எண்ணுதல் பக்தியுள்ளோர்க்கு எளிதில் வரும் சோதனை. நாளைக்கு ஆசிரியராகவும், குருவாகவும், அலுவலராகவும், குடும்பத் தலைவராகவும் நம்மிற் பலர் சிறியதோர் அதிகாரத்தைக் கையேற்கவிருக்கின்றோம். நம் முன் ஒருவர் விண்ணப்பத்தோடு வந்து நிற்கும் நாளில், அதனைப் பொருளற்ற கனவென்று தள்ளாது வாங்கிப் படிப்போமாயின், இம்மன்னரின் வரலாற்றைக் கற்றதன் பயனை அடைந்தோராவோம்.